ஒட்டாத குதிரை

நைனா ஒரு பிட்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவர். அவர் உலகத்தில் பொருட்கள் இரண்டே வகைதான். டைட்டாக இருப்பவை, டைட் பண்ண வேண்டியவை. ஆடுகிற நாற்காலி, கழன்ற குக்கர் கைப்பிடி, சைக்கிள் மட்கார்டு என எதுவும் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மேல் லூசாக இருந்ததில்லை. ஷாப் ஃப்ளோரில் ஒரு நட்டு லூசாக இருந்தால் யாருக்காவது விரல் போகும். அந்தப் பயத்திலேயே ஒரு ஆயுளைக் கழித்த மனுஷன்.

1999இல் எனக்குப் பதினோரு வயது. திருவொற்றியூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் வயலின் கற்றுக்கொண்டிருந்தேன். ராயபுரத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் நைனா வாங்கிவந்த பழைய வயலின் அது. ஒரு மழைக்கால மாலையில் பெட்டியைத் திறந்தேன். தந்திகளுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டிய பிரிட்ஜ் சாய்ந்து படுத்திருந்தது.

நைனா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் பிசினின் தடமே இல்லை. வயலினின் மேல்பலகையிலும் இல்லை.

"பாரு, சும்மா வெச்சிருக்கான். ஒட்டவே இல்ல. நல்லா ஏமாத்திட்டான்டா."

அன்றைக்கு ராத்திரி அவர் எப்படி வேலை செய்தார் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு தந்திகளையும் கழற்றினார். ஸ்கேல் வைத்து மையம் குறித்தார். எபாக்சி பிசினைக் கலந்து, பிரிட்ஜின் இரண்டு பாதங்களிலும் சமமாகத் தடவி, மட்டம் பார்த்து நிறுத்தினார். வயலினைத் தூக்கும்போது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. கவிழ்த்துக் குலுக்கியதில், பக்கவாட்டுத் துளை வழியாக ஒரு சின்னக் குச்சி வந்து விழுந்தது. "உள்ள ஏதோ உடைஞ்சு கெடந்துச்சு" என்றார்.

மறுநாள் தந்தி கட்டி வாசித்தபோது வந்த சத்தத்தை என்னவென்று சொல்வது? காலி பிஸ்கட் டின்னுக்குள் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. டீச்சர் வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடினார். சில மாதம் அவருடைய வயலினில் வாசித்தேன். அப்புறம் பத்தாம் வகுப்பு, டியூஷன், என்ட்ரன்ஸ். வயலின் பரணுக்குப் போனது. நைனாவும் நானும் அதைப்பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. அவர் மனதில், நன்றாகச் செய்த ஒரு வேலை ஏன் தோற்றது என்கிற கேள்வி இருந்திருக்கும். என் மனதில் இருந்தது கோபம்.

*

போன வருடம் வீடு மாறும்போது பெட்டி கீழே இறங்கியது. ராயபுரத்தில் வயலின், கிட்டார் எல்லாம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரிட்ஜை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. சிரித்தார்.

"தம்பி, இத ஒட்டுனது யாரு?"

"எங்கப்பா."

"என்னா வேலை பாத்தாரு?"

"பிட்டர்."

"அதான். இவ்ளோ நேரா எவனும் ஒட்ட மாட்டான்."

பிறகு அவர் சொன்ன விஷயம், இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலிருந்தது. வயலினின் பிரிட்ஜை எந்தக் காலத்திலும், எந்த நாட்டிலும் ஒட்டுவதில்லை. அது தந்திகளின் அழுத்தத்தில் மட்டும்தான் நிற்கிறது.

கிட்டாரோடு ஒப்பிட்டால் காரணம் புரியும். நாம் சாதாரணமாகப் பார்க்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் தந்தி பிரிட்ஜிலேயே முடிகிறது. தந்தி இழுக்கிற இழுப்பு முழுவதும் பிரிட்ஜைப் பலகையிலிருந்து பிய்த்தெடுக்கவே பார்க்கும். அதனால் ஒட்டித்தான் ஆகவேண்டும். வயலினில் தந்தி பிரிட்ஜின் மேல் ஏறி, கடந்து, பின்னால் இருக்கும் டெயில்பீஸில் போய் முடிகிறது. முறுக்காணிப் பக்கமிருந்து ஒரு இழுப்பு, டெயில்பீஸ் பக்கமிருந்து ஒரு இழுப்பு. நடுவில் உயரத்தில் நிற்கும் பிரிட்ஜுக்குக் கிடைப்பது கீழ்நோக்கிய அழுத்தம். மேற்கத்திய சுருதியில் நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை 20 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பங்கு எந்நேரமும் பிரிட்ஜைப் பலகையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. பிசினுக்கு அங்கே வேலையே இல்லை.

அதோடு, சுருதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் தந்தி பிரிட்ஜின் தலையை முறுக்காணிப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். வாசிப்பவர் அதை அவ்வப்போது இரண்டு கை விரல்களாலும் பிடித்துப் பின்னுக்கு நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் விட்டால் பிரிட்ஜ் வளையும், ஒருநாள் விழும். மழைக்காலத்தில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும்; வெயிலில் இறங்கும். பிரிட்ஜ் அதற்கேற்ப நகர்ந்துகொடுக்கிறது. எங்கள் மென்பொருள் வேலையில் ‘லூஸ் கப்ளிங்’ என்று ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுவோம். இரண்டு பாகங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிப்போகக் கூடாது. பதினைந்து வருடமாக நான் மீட்டிங்குகளில் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம் பரணில் படுத்திருந்திருக்கிறது.

"பிரிட்ஜ ஒட்டுனது கூட பெரிசில்ல" என்றார் பெரியவர். டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள போஸ்ட்ட காணோமே. ஒரு குச்சி இருக்குமே, இன்னா பண்ணீங்க?"

*

அந்தக் குச்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாத ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு ராயபுரம் வழியாக வந்த இந்தப் பெட்டி, இந்த ஊருக்கு முதலில் எப்படி வந்தது? யாரோ ஒருவர் முதன்முதலாக இதைத் திறந்து, ஒட்டாமல் நிற்கும் பிரிட்ஜைப் பார்த்து நைனாவைப் போலவே திகைத்திருப்பார் இல்லையா?

தேடினால் பதில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருந்தது. மணலி.

என் வயதுக்காரர்களுக்கு மணலி என்றால் இரவில் தெரியும் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு, டேங்கர் லாரி, மூக்கில் ஏறும் வாசனை. 1965இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது. பிறகு உரம், ரசாயனம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆனால் அதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கும் மேல் முன்னால் மணலி ஒரு சங்கீத விலாசம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷிகளாக இருந்து பெரும் செல்வம் சேர்த்த குடும்பம் மணலி முதலியார்களுடையது. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நிற்பவர். அந்தக் குடும்பத்தின் முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூருக்குப் போனபோது அங்கே ராமசாமி தீட்சிதரின் பாட்டைக் கேட்டார். மணலிக்கு வந்துவிடும்படி அழைத்தார். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு கிளம்பி வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளில் மூத்தவர்தான் முத்துசாமி தீட்சிதர். அடுத்தவர் சின்னசாமி. கடைக்குட்டி 1786இல் பிறந்த பாலுசாமி.

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், ஊர் வாயில் சின்னையா முதலியார், தீட்சிதர் குடும்பத்தைத் தொடர்ந்து ஆதரித்தார். இவர் தனக்கிருந்த செல்வாக்கில் அந்தச் சகோதரர்களைச் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் அங்கே வாசிக்கப்பட்ட ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கவைத்தார். பாலுசாமிக்கு அதில் வயலின் பிடித்துப்போனது. முதலியார் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருடம் வயலின் கற்றார். இந்தக் கதை நமக்குத் தெரிவது ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்கிற பெரிய புத்தகத்தால். 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சான புத்தகம். எழுதியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே அவரைத் தத்தெடுத்து வளர்த்தார்.

இதை மட்டுமே வைத்து, கர்நாடக இசைக்கு வயலின் வந்த ஒரே வாசல் மணலிதான் என்று நான் சாதிக்க மாட்டேன். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையிலும் மேற்கத்திய இசை ஒலித்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்த கதை பிரசித்தம். ஆனால் பழைய கதைகளில் முன்வரிசையில் நிற்பது மணலிதான்.

*

அந்த வயலின் கரையேறிய விதத்தையும் யோசித்துப் பாருங்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. துறைமுகத்துக்கு அடிக்கல் 1875இல் நாட்டப்பட்டது. கட்டியதில் பெரும்பகுதியை 1881இல் ஒரு புயல் உடைத்துப்போட்டது. 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் அலைக்கு அப்பால் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் வந்தாலும் கவர்னரின் பியானோ வந்தாலும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும்.

மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகுகள் சென்னையின் அலையில் மோதினால் உடைந்தன. தைத்த படகோ அலை அடிக்கும்போது வளைந்து, தணிந்து, திரும்பவும் நிமிரும். வெள்ளைக்காரப் பயணிகள் தங்கள் குறிப்புகளில் பயந்தும் வியந்தும் எழுதியது இந்தப் படகைப் பற்றித்தான். இதை ஓட்டியவர்களின் சமூகம்தான் பின்னால் ராயபுரத்தில் தங்கள் உழைப்பில் புனித ராயப்பர் ஆலயத்தை எழுப்பியது. ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர். ராயபுரத்தின் பெயரே அங்கிருந்துதான் வந்தது என்பார்கள்.

ஆக, கடல்வழியாகச் சென்னைக்கு வந்த எந்த வயலினும் ஒட்டாமல் நிற்கும் தன் பிரிட்ஜோடு, ஆணியில்லாமல் மிதக்கும் ஒரு படகில் ஏறித்தான் கரை தொட்டிருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் உடையும், கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கட்டினால் தாங்கும் என்பது நம் கரையில் புதுச்செய்தி இல்லை.

*

பிரிட்ஜுக்குத் தமிழில் நல்ல பெயர் உண்டு: குதிரை. வீணையில் தந்திகளைத் தாங்கும் பாகத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயர் வயலினுக்கும் வந்தது. ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் அது பாலம். பிரெஞ்சிலோ ‘ஷெவலே’, அதாவது குட்டிக் குதிரை. ரஷ்ய மொழியிலும் அதன் பெயர் பெண்குதிரை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே மூன்று மொழிக்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் சுமை தாங்கும் ஒரு மிருகம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

பாலுசாமியின் வீட்டில் வீணை இருந்தது. அவருக்கும் அதில் பயிற்சி உண்டு. வீணையின் குதிரை வேறு ஜாதி. மரத்தாலான அதன் தலையில் ஓர் உலோகத் தகடு இருக்கும். தகடு தட்டையாக இல்லாமல் மிக லேசாக வளைந்திருக்கும். தந்தி அதன்மேல் ஒரு புள்ளியில் உட்காராமல், வளைவில் உரசியபடி அதிரும். வீணை நாதத்தின் ரீங்காரம் அங்கேதான் பிறக்கிறது. தம்புராவில் இதே வேலைக்காகத் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை விடுவார்கள். பெயர் ஜீவாளி. அதை மயிரிழை நகர்த்தினால் தம்புராவுக்கு உயிர் வரும், அல்லது போகும்.

இதை விஞ்ஞானமாக்கியவர் சி.வி. ராமன். வயலின் தந்தியின் அதிர்வைப் பற்றி 1918இல் ஒரு தனி நூலே எழுதியவர். இயந்திரத்தைக் கொண்டு வயலினை வாசிக்கவைத்துச் சோதனை செய்தவர். 1921இல் வீணையையும் தம்புராவையும் கையில் எடுத்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசையாமல் இருக்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது அதுவரை பாடப்புத்தகம் சொன்ன விதி. வீணையில் அவை தாராளமாகவே ஒலித்தன. வளைந்த குதிரைதான் காரணம் என்றார் ராமன். பெயர் தெரியாத ஆசாரிகள் அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த வளைவு அது.

இந்த வீணைத் தகடு லூசானால் நாதம் கரகரக்கும். பழுதுபார்ப்பவர் தகட்டை எடுத்துச் சூடுகாட்டித் திரும்பவும் பொருத்துவார். வீணையின் மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கரி சேர்த்த கறுப்பு மெழுகு. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி வைப்பார்கள். வயலினின் மேல்பலகையையும் விலாவையும் இணைக்கப் பயன்படும் மிருகப் பசையும் இதே குணம்தான். சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். பலகை பிளப்பதற்குப் பதிலாக ஒட்டு விடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். கிரெமோனாக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வாத்தியத்தில் எதை ஒட்டினாலும், பின்னால் வருகிறவன் கழற்ற முடிகிற மாதிரி ஒட்ட வேண்டும்.

மணலிக்கு வந்த வயலின் என்ன ஆனது? இங்கேதான் எனக்கு இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி தெரிகிறது. நம் ஆட்கள் வயலினின் மரத்தில் பெரிதாகக் கை வைக்கவே இல்லை. கின்னரம் மாதிரியோ வீணை மாதிரியோ புது உருவம் கொடுக்கவில்லை. மாற்றியது இரண்டு விஷயங்களை. முதலாவது சுருதி. மேற்கில் நான்கு தந்திகளையும் ஐந்தைந்து சுரத் தூரத்தில் சேர்ப்பார்கள். இங்கே ச-ப-ச-ப என்று, பாடகரின் குரலுக்கு இறக்கிச் சேர்க்கிறார்கள். தந்தி கொஞ்சம் தளர்கிறது. குதிரையின் மேல் பாரம் குறைகிறது. இரண்டாவது உட்காரும் விதம். மேற்கில் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடித்துக்கொள்வார்கள். இங்கே தரையில் உட்கார்ந்து வயலினின் ஒரு நுனியை மார்போடும் மறுநுனியை வலது காலின் கணுக்காலிலும் சாய்த்துக்கொள்கிறார்கள். இரண்டு நுனிக்கும் தாங்கல் கிடைத்ததும் இடது கைக்குத் தாங்குகிற வேலை இல்லாமல் போனது. அது தந்தியில் மேலும் கீழும் வழுக்கலாம். கமகம் பிறக்க அந்தச் சுதந்திரம் வேண்டும்.

மரம் அப்படியே இருந்தது. இழுப்புகளை மட்டும் மாற்றியமைத்தார்கள். வேறொரு சங்கீதம் வந்தது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. கோட்டை பேண்டில் கேட்ட ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ் மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு, அவர் கையில் சியாமளா தேவியின் மேல் பாட்டானது. அவற்றில் சங்கராபரணம் பலகையாக இருக்கிறது, இரண்டு பக்க இழுப்பும் அதன்மேல் நிற்கிறது.

*

மணலிக்குப் பக்கத்தில் என் சொந்த ஊரான திருவொற்றியூர். அடுத்த தலைமுறையில் இங்கே வீணை குப்பய்யர் இருந்தார். 1798இல் பிறந்தவர். தியாகராஜரின் நேர்ச் சீடர். 1830களின் இறுதியில் தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது கோவூர் சுந்தரேச முதலியாரின் பந்தர் தெரு வீட்டில் தங்கினார். குப்பய்யர் அழைக்க, திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன்மேல் ஐந்து கிருதிகள் பாடினார். குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900இல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்.

இந்தக் கோயில் வாசலில்தான் நான் ஐந்து வருடம் வயலின் பெட்டியோடு நடந்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. வடசென்னைக்கு வெளியே படிக்கப் போனபோது, "நீ எண்ணூர் சைடா? வயலின் வாசிப்பியா?" என்று ஆச்சரியப்பட்டவர்களிடம், ஏதோ அடுத்தவன் பொருளை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல நெளிந்திருக்கிறேன். துறைமுகம், தொழிற்சாலை, அனல்மின் நிலையம், கானா. எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்ட அடையாளங்கள் இவை. எதுவும் பொய்யில்லை. ஆனால் நிமிர்த்தவும் நகர்த்தவும் முடியாதபடி எபாக்சி போட்டு ஒட்டிய அடையாளங்கள்.

மணலி ஞாபகம் தப்பிப் பிழைத்ததே ஒரு சுற்றுவழியில். பாலுசாமி 1824இல் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாகிப் போய்விட்டார். 1835இல் அண்ணன் முத்துசாமியின் உயிரும் அங்கேதான் பிரிந்தது. அரண்மனையிலேயே வளர்ந்த சுப்பராம தீட்சிதரிடம் குடும்பத்தின் பாட்டும் கதையும் சேர்ந்து கிடந்தன. சென்னையில் கர்நாடக இசையை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிடப் பாடுபட்ட ஏ.எம். சின்னசாமி முதலியார், ஒரு கத்தோலிக்கர், எட்டயபுரத்துக்கே போய் இதையெல்லாம் எழுதிவைக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர். சுப்பராம தீட்சிதர் எழுதினார். 1906இல் காலமாவதற்கு இரண்டு வருடம் முன்பு புத்தகம் வெளிவந்தது. யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாமல் பத்திரப்படுத்திய பாகங்கள் அவை.

*

குச்சிக்கு வருகிறேன்.

வயலினுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே சுமார் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மரக்குச்சி நிற்கும். குதிரையின் வலது பாதத்துக்குச் சற்றுப் பின்னால். இதையும் ஒட்டுவதில்லை. தந்திகளின் பாரம்தான் அதையும் பிடித்துவைக்கிறது. வில் பட்டுத் தந்தி பக்கவாட்டில் அதிரும்போது குதிரை ஆடும். வலது பாதம் இந்தக் குச்சியின் பலத்தில் ஏறக்குறைய ஊன்றி நிற்க, இடது பாதம் மேல்பலகையை மேலும் கீழும் அசைக்கும். குச்சி இல்லாவிட்டால் இந்த ஆட்டம் குலைந்துபோகும். சத்தம் வரும், நாதம் வராது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குச்சிக்கு வைத்திருக்கும் பெயர் ஆன்மா.

எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குச்சி விழுந்துவிடக்கூடும். அதனால்தான் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பார்கள். நைனாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. வயலினைக் கெடுத்தது அவர் போட்ட பிசின் என்றே இருபது வருடத்துக்கு மேல் நினைத்திருந்தேன். உண்மையில் பெரிய சேதம் அந்தக் குச்சி போனதுதான்.

அன்றிரவு சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். "நைனா, அன்னிக்கி வயலின்லேர்ந்து ஒரு குச்சி விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா? அது உடைஞ்ச துண்டு இல்லையாம். மெயின் பார்ட்டாம்."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, ஸ்க்ரூ, வாஷர், பழைய பேரிங் எல்லாம் போட்டுவைத்திருக்கும் டின்னை எடுத்துவந்தார். வீடு மாறியபோது நான் தூக்கிப்போடச் சொன்ன டின். பேப்பரில் கொட்டினார். துழாவினார். துருப்பிடித்த பொருட்களுக்கு நடுவில், ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி.

"இதுவா பாரு."

என்னால் பேச முடியவில்லை. "இத்தினி நாளா எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத பார்ட்ட தூக்கிப் போடக் கூடாதுடா. என்னிக்காவது எடம் தெரியும்."

அடுத்த வாரம் இருவரும் ராயபுரம் போனோம். பெரியவர் மெல்லிய கத்தியைச் சூடாக்கி, ஒரு முழு காலைப்பொழுதைச் செலவழித்து எபாக்சியை அறுத்தார். வார்னிஷில் இரண்டு சின்னப் பாதங்களின் தடம் தங்கிவிட்டது. அது போகாது என்றார். பழைய குதிரை வளைந்துபோயிருந்ததால் மேப்பிளில் ஒரு புதுக்குதிரை. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் இன்று நிற்பவைகூடப் பெரும்பாலும் பிற்காலத்துக் குதிரைகள்தானாம். வயலின் நூறு வருடம் வாழும், குதிரைகள் வந்துபோகும். மேல்பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, பலகையின் வளைவுக்கு ஏற்றபடி குதிரையின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். காகிதம் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. நைனா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "நாங்க ப்ளூ தேச்சி கான்டாக்ட் பாப்போம். அதே வேலதான்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை.

வளைந்த கம்பியின் முனையில் பழைய குச்சியைக் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு நிறுத்தினார். துளைகளின் உள்வெட்டுகள் இரண்டுக்கும் நேராகக் குதிரையை வைத்தார். பள்ளங்களில் பென்சில் கரியைத் தடவினார், தந்தி வழுக்குவதற்காக. ஒவ்வொன்றாகத் தந்தியை ஏற்றினார். பசை ஒரு சொட்டும் இல்லை.

நைனா கடைசிவரை நம்பாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ச-ப-ச-ப சேர்ந்ததும் பெரியவர் அவரிடம் நீட்டி, "அசைச்சுப் பாருங்க" என்றார். நைனா ஒரு விரலால் தொட்டார். அசையவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் வாசிக்கிறேன். வாசிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நைனா பக்கத்து அறையிலிருந்து வருவார். வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, குதிரையைப் பக்கவாட்டில் பார்ப்பார்.

"கொஞ்சம் முன்னாடி சாயுது பாரு."

நான் பிடித்துக்கொள்வேன். அவர் இரண்டு கட்டைவிரலாலும் நிமிர்த்துவார்.